வளரும் ஊரில் கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்பது எப்படி

2022-இல் தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின் தேதிகளை முதலில் பாருங்கள். ஜனவரி 26-இல் அறிவிப்பு. 28-இல் வேட்புமனு தொடங்கி பிப்ரவரி 4-இல் முடிந்தது. 5-ஆம் தேதி பரிசீலனை, 7-ஆம் தேதி வாபஸ். சுயேச்சைகள் கைக்குச் சின்னம் வந்தது அதன் பிறகுதான். 17-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. 19-இல் வாக்குப்பதிவு, 22-இல் எண்ணிக்கை. ஆக, சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது பத்தே நாள்.

இந்தப் பத்து நாளில் யாரும் ஒரு வார்டைப் புதிதாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதைச் சொல்லி ஓட்டாக மாற்றத்தான் அது போதும். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேதி எப்போது அறிவிக்கப்பட்டாலும், கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் அறிவிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. நகராட்சி, பேரூராட்சி வார்டுகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பக்கத்துக் கிராமத்து வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கும் ஊர் என்றால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

எந்த வார்டு என்பதை இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள்

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினரை மட்டும். சேர்மனை உறுப்பினர்கள் கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். போன முறை அது மார்ச் 4-இல் நடந்தது. அதனால் உங்களுக்கு ஊர் முழுவதும் செல்வாக்கு வேண்டியதில்லை. நாலைந்து தெருக்களில் ஆழமாக வேரூன்றியிருந்தால் போதும்.

ஆனால் அந்த நாலைந்து தெரு எவை என்பது கடைசி வரை மாறலாம். 2016-இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து பாதி இடங்கள் பெண்களுக்கு. மக்கள்தொகை விகிதப்படி ஆதிதிராவிடர், பழங்குடியினர் வார்டுகளும் உண்டு. இன்று பொது வார்டாக இருப்பது அடுத்த தேர்தலில் பெண்கள் வார்டாக அறிவிக்கப்படலாம். பக்கத்து ஊராட்சிகளை இணைத்த ஊர்களில் எல்லையே திருத்தி வரையப்படும். உங்கள் வீட்டுக்கு எதிர் வரிசை வேறு வார்டுக்குப் போய்விட்டது என்பது கடைசி நேரத்தில்தான் பலருக்குத் தெரிகிறது.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வேட்பாளரின் பெயர் அதே நகராட்சி அல்லது பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டுப் பட்டியலில் இருந்தால் போதும். முன்மொழிபவர்தான் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஆகவே சொந்த வார்டோடு ஒட்டிய இன்னொரு வார்டையும் சேர்த்தே படித்து வையுங்கள்.

பெண்கள் வார்டு பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவரோ அண்ணனோ ஓட்டுக் கேட்டு, ஜெயித்த பின் அவரே மன்ற வேலையையும் பார்ப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அது வாக்களித்தவர்களுக்குச் செய்யும் துரோகம். தண்ணீர் வராத நாளும் குப்பை வண்டி வராத தெருவும் வீட்டில் யாருக்கு முதலில் தெரிகிறதோ, அவரே வாசலில் நின்று பேசட்டும். நோட்டீசில் அவர் படம் மட்டும் இருக்கட்டும். தொடர்பு எண்ணும் அவருடையதாகவே இருக்கட்டும்.

வாக்காளர் பட்டியல்: பாதித் தேர்தல் இங்கேதான்

உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை அடிப்படையாக வைத்து, தெருவாரியாகப் பிரித்து வார்டுகளுக்கு ஒதுக்கப்படுகிறது. வளரும் ஊரில் இங்கே மூன்று வகைச் சிக்கல் வரும்.

முதலாவது, குடிவந்தவர்கள். புது லே-அவுட்டில் வீடு கட்டி மூன்று வருடமாகியும் ஓட்டு சொந்த ஊரிலேயே இருக்கும். சாலை இல்லை, விளக்கு இல்லை என்று அதிகமாகக் குறைப்படுபவர்களும் இவர்கள்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருக்காது. முதல் முறை பெயர் சேர்க்க படிவம் 6. வேறு இடத்திலிருந்து மாற்றவும் திருத்தவும் படிவம் 8. நீக்க படிவம் 7. ஏற்கெனவே வேறு ஊரில் ஓட்டு உள்ளவருக்குப் படிவம் 6 கொடுத்தால் இரட்டைப் பதிவாகிச் சிக்கலில் முடியும். அவருக்குப் படிவம் 8 தான். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இடம் மாறியவர்கள் என்று ஏராளமான பெயர்கள் விடுபட்டன. பழைய பட்டியலில் பெயர் இருந்ததை நம்பி இருந்துவிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள்.

இரண்டாவது, தெரு தவறான வார்டில் விழுவது. ஒரே பெயரில் இரண்டு தெரு, புதுத் தெருவுக்குப் பெயரே வைக்காதது, பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் கலந்து கிடப்பது ஆகியவை காரணம். வார்டுவாரி வரைவுப் பட்டியல் வந்ததும் அச்செடுத்து, வார்டு எல்லை அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து சரிபாருங்கள். ஆட்சேபணை சொல்ல அவகாசம் குறைவு. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

மூன்றாவது, இறந்தவர்களும் கல்யாணமாகிப் போனவர்களும். இவர்கள் பெயர் பட்டியலில் இருக்கும் வரை உங்கள் ஓட்டுக் கணக்கு தப்பாகவே வரும். கள்ள ஓட்டுக்கும் அதுதான் வாசல்.

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு தெரு. வரிசை எண், வீடு, பட்டியலில் உள்ள ஓட்டு, உண்மையில் வீட்டில் இருப்பவர்கள், வெளியூரில் இருந்து வந்து ஓட்டுப் போடுபவர்கள், அந்த வீடு சொன்ன குறை ஆகியவற்றை எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உங்கள் வாக்குறுதிகள் அதிலிருந்துதான் வரப் போகின்றன. சாதியையும் கட்சியையும் மட்டும் எழுதிவைக்கும் நோட்டு, எதிராளிகள் எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது.

வார்டின் குறைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது

‘ரோடு போட்டுத் தருவேன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் இன்னும் போடவில்லை என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் மக்கள் கவனிப்பார்கள்.

அங்கீகரிக்கப்பட்ட மனைப் பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் மனை போட்டவர் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காத தெருவில் நகராட்சி பணம் செலவழிக்க முடியாது. அங்கீகாரமே இல்லாத பிரிவென்றால் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்காக வந்த திட்டம் அது. பெரிய மனைப் பிரிவுகளில் பத்து சதவீதம் பொது ஒதுக்கீட்டு இடம் உண்டு. அது வேலி போடாமல் கிடந்தால் ஒரு நாள் யாராவது பட்டா கேட்டு வருவார்கள். உங்கள் வார்டில் இந்த இடங்கள் எங்கே, எத்தனை சென்ட், பெயர் மாற்றம் ஆகியிருக்கிறதா என்ற பட்டியல் உங்களிடம் இருக்கட்டும். இதைப் பற்றிப் பேசும் வேட்பாளர்கள் மிகக் குறைவு.

தண்ணீரும் அப்படித்தான். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, கட்டிய போது எத்தனை இணைப்பு, இப்போது எத்தனை, உங்கள் வார்டு குழாய்த் தடத்தின் எந்த முனையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி முனையில் உள்ள தெருவுக்கு அழுத்தம் குறைவாகத்தான் வரும். அங்கே ‘தினமும் தண்ணீர்’ என்று வாக்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் பெயர் கெட்டுவிடும். மழைநீர் வடிகால் எந்த ஓடையில் போய்ச் சேர்கிறது, அந்த ஓடை மனைக்குள் போய்விட்டதா என்பதை ஒரு மழை நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

தகவல்கள் எங்கே கிடைக்கும்? பில் கலெக்டர், குழாய் திறந்துவிடுபவர், துப்புரவு மேஸ்திரி மூவரும் வார்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள். காகிதமாக வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம்; முப்பது நாளில் பதில் வர வேண்டும். மூன்று ஆண்டு மன்றத் தீர்மானங்களில் உங்கள் வார்டு பற்றியவை, ஒப்புதலான வேலைகளின் மதிப்பீடு, முடிந்தவை, முடியாதவை ஆகிய நாலு கேள்வியே போதும். 2022-இல் வந்த விதிகளின்படி, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்கள் குறைகளைக் கேட்கும் பகுதி சபா கூட்டங்களும் உண்டு. உள்ளாட்சி தினமான நவம்பர் 1-இல் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். எழுதிக் கொடுத்த மனுவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். தேர்தல் நேரத்தில் நீங்கள் காட்டக்கூடிய நல்ல சான்று அதுதான்.

எத்தனை ஓட்டு வேண்டும்

போன தேர்தலில் மாநில அளவில் பேரூராட்சிகளில் 74.68 சதவீதமும் நகராட்சிகளில் 68.22 சதவீதமும் மாநகராட்சிகளில் 52.22 சதவீதமும் பதிவாயின. ஊர் சிறியதாக இருந்தால் பதிவு கூடும். 1,400 வாக்காளர் உள்ள பேரூராட்சி வார்டு என்று வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு பதிவானால் 1,050 ஓட்டு. நான்கு பேர் பலமாக நின்றால் 400 ஓட்டு வாங்கியவர் பெரும்பாலும் ஜெயித்துவிடுவார். வீட்டுக்கு மூன்று ஓட்டு என்றால் 130 முதல் 140 வீடு.

இப்போது நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 1,400 ஓட்டு என்பது ஏறத்தாழ 450 வீடு. ஒரு வீட்டில் பேசவும் அடுத்த வாசலுக்கு நடக்கவும் ஏழு நிமிடம் பிடிக்கும். காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் நடந்தால் ஒரு நாளைக்கு நாற்பது வீடு. பத்து நாளில் ஒரே ஒரு சுற்றுத்தான் வரும். முதல் அறிமுகமே அந்தச் சுற்றில்தான் என்றால் தேறுவது கஷ்டம். மூன்றாவது முறையாக வருபவரின் கையில் சின்னம் இருந்தால் அந்தச் சுற்று பலன் தரும்.

இரண்டு பேருக்கும் சம ஓட்டு வந்தால் குலுக்கல்தான். உள்ளாட்சித் தேர்தலில் இது நடக்காத அதிசயம் ஒன்றுமில்லை. ‘அந்த ஒரு வீடு போனால் போகட்டும்’ என்று விடாதீர்கள்.

வேட்புமனு

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அரசு ஊழியராக இருக்கக் கூடாது. அந்த உள்ளாட்சியில் ஒப்பந்த வேலை எடுத்து நடத்திக்கொண்டிருக்கவும் கூடாது. வரிப் பாக்கி அடுத்த இடறுகல். சொத்து வரி, காலி மனை வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், தொழில் வரி, நகராட்சிக் கடை வாடகை என்று எது உங்கள் பெயரில் இருந்தாலும் அரையாண்டு பாக்கி இல்லாமல் கட்டி, ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். அடிக்கடி விட்டுப்போவது காலி மனை வரி. எப்போதோ வாங்கிப் போட்ட மனையின் வரி நினைவிலேயே இருக்காது.

2022-இல் டெபாசிட் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய், நகராட்சி வார்டுக்கு 2,000, மாநகராட்சி வார்டுக்கு 4,000. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி. சலுகை கேட்டாலும் தனி வார்டில் நின்றாலும் சாதிச் சான்றிதழ் கட்டாயம். அடுத்த தேர்தலுக்கான தொகையை மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மனுக்கள் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்தான். பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண்ணைப் பழைய பட்டியல் பார்த்து எழுதுவது. முன்மொழிபவர் பக்கத்து வார்டுக்காரராக இருப்பது. அல்லது அவர் இன்னொருவருக்கும் கையெழுத்துப் போட்டிருப்பது. உறுதிமொழி ஆவணத்தில் வழக்கு, சொத்து, கடன் பகுதிகளைக் காலியாக விடுவது. இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். கோடு போட்டு விடாதீர்கள். நிலுவையில் உள்ள வழக்கை, போராட்ட வழக்காகவே இருந்தாலும், மறைக்காதீர்கள். கட்சி வேட்பாளராக இருந்தால் கட்சி தரும் சின்ன ஒதுக்கீட்டுப் படிவங்கள் கெடு நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும், தவறினால் சுயேச்சைதான்.

கடைசி நாளில் மனுச் செய்யாதீர்கள். இரண்டாம் நாளே கொடுத்தால் குறை இருந்தாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். வேட்பாளரும் முன்மொழிபவரும் பரிசீலனைக்கு அசல் ஆவணங்களோடு நேரில் போய் உட்கார வேண்டும். உங்கள் மனுவுக்கு ஆட்சேபணை வந்தால் அங்கேயே பதில் சொல்லலாம். வீட்டில் இருந்தால் முடிவு மட்டும்தான் வந்து சேரும்.

சுயேச்சைகளுக்குச் சின்னம் ஆணையத்தின் பட்டியலில் இருந்து. மூன்று விருப்பம் யோசித்து வையுங்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே பார்வையில் தெரியும் பொருளாக, கறுப்பு வெள்ளையில் சின்னதாக அச்சடித்தாலும் அடையாளம் மாறாததாக இருக்கட்டும். உங்கள் பெயரிலேயே இன்னொருவரை எதிராளி நிறுத்தக்கூடும். ஆகவே ஊரில் வழங்கும் பெயர், இனிஷியல், சின்னம் மூன்றையும் சேர்த்தே எப்போதும் சொல்லுங்கள். வாக்கு இயந்திரத்தில் உங்கள் வரிசை எண் உறுதியான பிறகே நோட்டீஸ் அடியுங்கள். அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பத்து நாள்

பழைய தெருக்களில் காலை பத்துக்கு மேல், வீட்டு வேலை முடிந்த நேரத்தில் போகலாம். புது லே-அவுட்டில் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம். இரவு ஏழுக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஆள் கிடைப்பார்கள். அந்த ஞாயிறுகளை வேறு எதற்கும் செலவழிக்காதீர்கள். கூட்டமாகப் போகாதீர்கள். இருபது பேர் தெருவை அடைத்துக்கொண்டு வந்தால் வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். உங்களோடு அந்தத் தெருக்காரர் ஒருவரும் நோட்டு எழுத ஒருவரும் போதும்.

பேச்சு இரண்டு நிமிடம். பெயர், சின்னம், அந்த வீடு போன முறை சொன்ன குறை, அதில் என்ன செய்ய முடியும், எது மன்றத்தின் கையில் இல்லை. ஐந்து வாக்குறுதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இடம் இருக்கட்டும். ‘சாக்கடை சீரமைப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட ‘நூலகத்துக்குப் பின்னால் அடைத்து நிற்கும் வடிகாலை ஓடை வரை இணைக்கத் தீர்மானம் கொண்டு வருவேன்’ என்று சொன்னால் நம்புவார்கள். சேர்மன் தேர்தலில் யார் பக்கம் என்று சுயேச்சையிடம் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். முடிவு செய்துவிட்டால் சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த நிபந்தனையில் ஆதரவு தருவீர்கள் என்று சொல்லுங்கள்.

பணம்

2022-இல் செலவு உச்சவரம்பு பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய். நகராட்சியில் தரத்தைப் பொறுத்து 34,000 அல்லது 85,000. 34,000 வரம்பில் நிற்பவர் முதலில் நோட்டீசுக்கும் பூத் சிலிப்புக்கும் ஒதுக்க வேண்டும். அடுத்து ஒலிபெருக்கி வைத்த ஒரு ஆட்டோவுக்கு, கடைசி ஐந்து நாள் மட்டும். மீதி கூட வருபவர்களின் சாப்பாடு, டீ, வாக்குப்பதிவு நாள் செலவு. வாகனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வாங்குங்கள். அன்றன்றைய செலவை அன்றிரவே ரசீதோடு எழுதுங்கள். நண்பர் இலவசமாக அடித்துக் கொடுத்த நோட்டீசும் கணக்கில் வர வேண்டும்.

ஓட்டுக்குக் காசு பற்றிப் பேசாமல் இந்த வழிகாட்டி முழுமையாகாது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்; பாரதிய நியாய சம்ஹிதையில் ஓராண்டு வரை சிறை உண்டு. எதிராளி கவர் கொடுக்கிறார் என்று தெரிந்ததும் கடன் வாங்கிக் கொடுக்கக் கிளம்புபவர்கள் உண்டு. அந்தக் கடனை எதிலிருந்து அடைக்கப் போகிறீர்கள்? 2023 ஜூலையில் தொடங்கிய மதிப்பூதியம் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000. லட்சக்கணக்கில் இறைத்தவர் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் கட்டட அனுமதியிலும் கை வைத்துத்தான் அதை எடுக்க முடியும். வாசலில் இதையே நேராகச் சொல்லுங்கள்: ‘காசு தர மாட்டேன், இணைப்புக்கு வந்து நின்றால் காசு கேட்கவும் மாட்டேன்.’ எல்லோரும் ஏற்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது 140 வீடு.

வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

ஒவ்வொரு பூத்துக்கும் ஒரு ஏஜெண்ட், ஒரு மாற்று ஏஜெண்ட். தெருக்காரர்களை முகம் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவர்களே வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி பூத் என்றால் பெண்கள் பூத்துக்குப் பெண் ஏஜெண்ட். மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். அது முடிந்ததும் இயந்திரத்தில் பதிவானவை அழிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே முத்திரைக்குக் கையெழுத்து. மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு, இயந்திர எண் என்ன, முத்திரை எண் என்ன என்று குறித்து வாங்குங்கள். எண்ணும் மேசையில் உங்கள் ஆள் முதலில் ஒப்பிட வேண்டியது இந்த மூன்றையும்தான்.

வெளியே இருப்பவர்கள் பட்டியலில் வந்தவர்களைக் குறித்துக்கொண்டே வரட்டும். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் 140 வீட்டில் யார் வரவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அப்போதே ஆள் போக வேண்டும். ஐந்து மணிக்குப் போனால் கிளம்பி வர நேரம் இருக்காது.

எண்ணிக்கை வார்டு அளவில் சீக்கிரம் முடிந்துவிடும். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் முடிவை அறிவிக்கும் முன்பே மறு எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். அறிவித்துவிட்டால் அப்புறம் நீதிமன்றம்தான்.

முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்து ஒப்புகை வாங்குங்கள். தோற்றவர்களும் போட்டியின்றி வந்தவர்களும் இதில் விலக்கல்ல. தாக்கல் செய்யாமல் விட்டால் மூன்று ஆண்டுக்குப் போட்டியிடத் தகுதி போகும். தோற்ற வருத்தத்தில் இதைத் தள்ளிப்போடுபவர்கள், ஐந்தாண்டுக்குள் அதே வார்டில் இடைத்தேர்தல் வந்தால் மனுவே செய்ய முடியாமல் நிற்பார்கள்.